விதிகளின் அரசியல்: சமாதான நோக்குடைய கணினி விளையாட்டுக்கள் பற்றிச் சில குறிப்புகள்

புதியதொரு கலைவடிவம் தோன்றும்பொழுது அதனை எதிர்கொள்வதில் நம்மிடையே இரு போக்குகள் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. இளைஞரைக் கெடுக்கும் நச்சுப் பண்டமென அதனை ஒதுக்கிவிடுவது ஒன்று. அதன் தொழினுட்பப் புதுமையிலே மயங்கி, சமுதாய மாற்றத்தை அதுவே கொண்டுவந்து தந்துவிடும் என நம்புவது மற்றொன்று. சினிமா, வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் இவ்விருவகை வரவேற்பையும் பெற்றவை. இன்று அதே வரவேற்புக் கணினி விளையாட்டுக்களுக்குக் கிடைத்து வருகின்றது. முற்போக்கு அணியினராகிய நாம் பெரும்பாலும் முதலாவது போக்கின்பாற் சாய்ந்துள்ளோம். உலகளாவிய ரீதியில் ஆண்டொன்றுக்கு 10,000 கோடி டொலருக்கும் அதிகமான வருமானத்தை ஈட்டும் ஒரு பண்பாட்டுத் தொழிலைப் பற்றி, பிள்ளைகள் படிப்பதில்லை என்பதற்கு மேலாக நாம் சொன்னவை மிகச் சில. பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திற் கேட்கும் முறைப்பாட்டுக்கும் மார்க்சிய விமர்சகரின் கருத்துக்கும் வேறுபாடு இல்லாது போவது எவ்வாற்றானும் பெருமைக்குரிய நிலைமையன்று.

இத்தொழிலின் ஓரத்திலே ஒரு சிறு பிரிவினர் கடந்த இருபதாண்டுகளுக்கும் மேலாக வேறொரு முயற்சியில் ஈடுபட்டு வந்துள்ளனர். யுத்தத்தைக் கொண்டாடாது, சமாதானத்தை வளர்க்கவும் சமுதாயத்துக்குப் பயன்படவும் கூடிய விளையாட்டுக்களை ஆக்குவது அவர்தம் குறிக்கோள். அவர்களது நோக்கத்தை ஐயுறுவதற்குக் காரணமில்லை. ஆயின், நல்ல நோக்கம் மட்டும் நல்ல கலையைத் தந்துவிடாது என்பதை நம் சொந்த இலக்கிய வரலாறே நமக்குக் கற்பித்திருக்கின்றது. கோஷங்களுக்குப் பெயர் சூட்டிப் பாத்திரங்களாக உலவவிட்ட கதைகளை நாமும் ஒரு காலத்தில் எழுதினோம். அவற்றைப் பாராட்டியும் எழுதினோம். உள்ளடக்கம், உருவம் என்பன பற்றி அன்று நடந்த விவாதம் இங்கு வேறொரு கோலத்தில் மீண்டும் எழுகின்றது. விளையாட்டொன்றின் உள்ளடக்கம் எங்கே இருக்கின்றது? அதன் கதையிலா, காட்சிகளிலா, இறுதியில் வரும் அறிவுரையிலா? அதன் விதிகளிலே என்பதே இக்கட்டுரையின் எடுகோள். யுத்தத்துக்கு மூலகாரணமாக ஒரு விளையாட்டின் விதிகள் எதனைக் கொள்கின்றன என்று கேட்போமாயின், அதன் கருத்துநிலை தானே வெளிப்படும்.

வரலாற்றிலிருந்து தொடங்குவது நலம். 1958 ஒக்ரோபரில், நியூயோர்க் மாநிலத்துப் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தின் பார்வையாளர் தினத்தன்று, வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர் சிறியதோர் அலைவுகாட்டித் திரையில் இருவர் ஆடக்கூடிய ரெனிஸ் விளையாட்டொன்றைக் காட்சிக்கு வைத்தார். அதற்குப் பயன்பட்ட கணினியின் கைநூலில் எறிகணைகளின் பாதையைக் கணிக்கும் முறை விளக்கப்பட்டிருந்தது. அதே கணக்கைக் கொண்டே அவர் பந்தின் பாதையை அமைத்தார். ஹிகின்பொதம் சாதாரணமானவர் அல்லர். லொஸ் அலமொஸில் அணுக்குண்டு தயாரிக்கப்பட்டபொழுது மின்னணுவியற் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். யுத்தம் முடிந்தபின் அணுவாயுதப் பரவலைத் தடுப்பதற்காக உழைத்து, அமெரிக்க விஞ்ஞானிகள் சம்மேளனத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரானார். விளையாட்டுக்காகவன்றி அப்பணிக்காகவே தாம் நினைக்கப்படவேண்டும் என்பது அவரது விருப்பமாயிருந்தது.

அந்த ரெனிஸ் விளையாட்டு அடுத்த ஆண்டுடன் பிரிக்கப்பட்டு மறக்கப்பட்டது. நிலைத்து வழித்தோன்றல்களைப் பெற்றது, 1962இல் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் உருவான 'ஸ்பேஸ்வார்'. இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்துவதே அதன் பொருள். அக்காலத்து அமெரிக்கக் கணினி ஆய்வின் பெரும் பகுதிக்கு நிதி வழங்கியது பாதுகாப்புத் துறை என்பதை நினைவிற் கொண்டால், சுடுவது இவ்வடிவத்தின் இயல்பான வினையாக அமைந்தமையை ஆக்கியோரின் மனவிகாரம் என்று மட்டும் விளக்கவேண்டியதில்லை.

அவ்வுறவு ஒளிவுமறைவின்றி வெளிப்பட்ட இடம் 'அமெரிக்காஸ் ஆர்மி'. அமெரிக்க இராணுவம் தனக்கு ஆட்சேர்ப்பதற்காகவே உருவாக்கி, 2002 ஜூலை 4இல் இலவசமாக வெளியிட்டு, 2022 மே மாதம் வரை நடத்திய விளையாட்டு இது. இதில் ஒரு விதி உண்டு. இரு அணிகள் மோதும்பொழுது, ஒவ்வோர் அணியும் தன் திரையில் தன்னை அமெரிக்கப் படையினராகவும் எதிரணியைப் பகைவராகவும் காணும். எதிரே நிற்பவரும் தம் திரையில் தம்மை அமெரிக்கராகவே காண்கின்றார். ஆகவே எவருக்கும் ஒரு கணமேனும் பகைவனின் உடலில் நின்று பார்க்கும் வாய்ப்பு ஏற்படுவதில்லை. ஏகாதிபத்தியக் கருத்துநிலையைப் பற்றிப் பல பக்கங்களில் நாம் எழுதுவதை இவ்வொரு விதி எழுத்தேயின்றி நிறைவேற்றிவிடுகின்றது. இதனை உள்ளிருந்தே எதிர்த்தவர் ஜோசப் டிலாப் என்ற அமெரிக்கக் கலைஞர். 2006 முதல் அவர் இவ்விளையாட்டினுள் நுழைந்து, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈராக்கில் இறந்த அமெரிக்கப் படையினரின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். சக ஆட்டக்காரர் அவரைச் சுட்டனர். மீண்டும் நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 2011 இறுதியில் அமெரிக்கப் படைகள் வெளியேறும் வரை இது நடைபெற்றது. ஈராக்கியரின் பெயர்கள் அப்பட்டியலில் இல்லை என்பதும் சொல்லப்பட வேண்டியதே.

விதிகள் கருத்துநிலையைச் சுமக்கின்றன என்பது கணினிக்கு முற்பட்ட உண்மையாகும். பரமபதத்தை எடுத்துக்கொள்வோம். ஏணியும் பாம்பும் புண்ணிய பாவங்களைக் குறிக்கின்றன. ஆனால் ஆடுபவர் புண்ணியம் செய்வதுமில்லை, பாவம் செய்வதுமில்லை. உருளும் கட்டை அவரை எங்கு கொண்டுசெல்கிறதோ அங்கு செல்கிறார். அறம் பற்றிய விளையாட்டின் விதி ஊழாக இருக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது இங்கிலாந்துக்குச் சென்றபொழுது ஏணிகள் சிக்கனம், உழைப்பு என்னும் நற்பண்புகளாயின. வினைப்பயனின் இடத்திற் பூர்சுவா ஒழுக்கம் அமர்ந்தது. கட்டை மட்டும் மாறவில்லை.

இதனினும் படிப்பினை மிக்கது எலிசபெத் மேகியின் கதை. 1904இல் அவர் 'நிலவுடைமையாளர் விளையாட்டு' என்னும் பலகை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலவாடகையே வறுமைக்குக் காரணம், நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி விதிக்கவேண்டும் என்ற ஹென்றி ஜோர்ஜின் கொள்கையை மக்களுக்கு விளக்குவது அவர் நோக்கம். மேகி இருவகை விதிகளை வகுத்தார். ஒன்றின்படி ஆடினால் நிலம் ஒருவர் கையிற் குவிந்து ஏனையோர் வங்குரோத்தடைவர். மற்றதன்படி ஆடினால் செல்வம் பெருகுந்தோறும் அனைவரும் பயன்பெறுவர். ஒரே பலகை, ஒரே காய்கள், ஆனால் இரு சமுதாயங்கள். எது இயற்கை, எது மனிதர் வகுத்த ஏற்பாடு என்பதை ஆடுபவர் தம் கையாலேயே உணரவேண்டும் என்பது அவ்வமைப்பின் உட்கிடை. (ஜோர்ஜின் கோட்பாட்டை மார்க்ஸ் 1881இல் எழுதிய கடிதமொன்றிற் கடுமையாக விமர்சித்திருந்தார் என்பது வேறு விடயம். கோட்பாட்டின் குறைபாட்டால் மேகியின் வடிவச் சாதனை குன்றிவிடாது.) பிற்பாடு நடந்தது யாவரும் அறிந்ததே. 1935இல் பார்க்கர் சகோதரர் நிறுவனம் இதன் வழித்தோன்றலொன்றை 'மொனோபொலி' என வெளியிட்டது. மேகியின் காப்புரிமை 500 டொலருக்கு வாங்கப்பட்டது. இருவகை விதிகளுள் ஏகபோகத்துக்குரியது மட்டும் உலகெங்கும் பரவிற்று. கண்டனமாக எழுதப்பட்டது கொண்டாட்டமாயிற்று. இரண்டாம் விதித்தொகுதியை நீக்கியமையே அதற்குப் போதுமானதாயிருந்தது.

இந்த அளவுகோலைக் கொண்டு அண்மைக்கால விளையாட்டுக்கள் சிலவற்றை நோக்கலாம்.

2005இல் ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் 'ஃபூட் ஃபோர்ஸ்' என்னும் விளையாட்டைச் சிறுவருக்கென இலவசமாக வெளியிட்டது. வரட்சியாலும் உள்நாட்டு யுத்தத்தாலும் பட்டினியுற்ற ஒரு தீவுக்கு உணவு கொண்டு செல்வதே அதன் பொருள். அது இந்து சமுத்திரத்தில் உள்ள ஒரு கற்பனைத் தீவு, பெயர் 'ஷேலன்'. இப்பெயரைக் கேட்ட மாத்திரத்தே நமக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. கடற்கோளுக்கு நான்கு மாதங்களுக்குப் பின், அதே நிறுவனம் நம் கரையோரங்களில் உணவு வழங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது வெளிவந்தது. ஆறு கட்டங்கள் கொண்ட அவ்விளையாட்டிற் சிறுவர் விமானத்திலிருந்து உணவுப் பொதிகளை இறக்குகின்றனர். குறித்த செலவுக்குள் அரிசியையும் பருப்பையும் எண்ணெயையும் கலந்து சத்துணவு தயாரிக்கின்றனர். பாரவூர்தித் தொடரைக் கண்ணிவெடிகளுக்கு ஊடாக நடத்திச் செல்கின்றனர். உணவு விநியோகம் என்பது எத்துணைச் சிக்கலான உழைப்பு என்பதை ஐரோப்பியப் பிள்ளையொன்று இதனால் அறிந்திருக்கும். அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் விதிகளைப் பாருங்கள். பட்டினி வானத்திலிருந்து வருகின்றது. உணவும் வானத்திலிருந்தே வருகின்றது. நிலம் யாருடையது, விளைந்தது எங்கே போயிற்று, யார் யாருடன் எதற்காகப் போரிடுகின்றனர் என்பவற்றுக்கு இவ்விளையாட்டில் இடமில்லை. தீவின் மக்கள் பெறுவோர் மட்டுமே. அவர்களாக ஆடுவதற்கு விதி இல்லை. இத்தகைய தீவொன்றில் வாழ்ந்து, நிவாரண அட்டையுடன் வரிசையில் நின்றவர்களுக்கு இவ்வமைப்பில் உள்ள குறை உடனே புலப்படும்.

இதனிலும் நுட்பமானது 2007இல் வெளியான 'பீஸ்மேக்கர்'. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகத் தொடங்கியது இது. முன்னர் இஸ்ரேலிய இராணுவப் புலனாய்வுத் துறையிற் பணியாற்றிய ஆசி புராக், எரிக் பிறவுண் ஆகியோர் அதனை முன்னின்று நடத்தினர். ஆடுபவர் இஸ்ரேலியப் பிரதமராகவோ பலஸ்தீன ஜனாதிபதியாகவோ இருந்து, இரு தேசங்களும் அருகருகே வாழும் தீர்வொன்றை எட்டவேண்டும். ஆங்கிலம், ஹீப்ரு, அரபு ஆகிய மும்மொழிகளிலும் அது கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியிற் பெரெஸ் சமாதான நிலையத்தின் முயற்சியால் 'ஹாரெட்ஸ்', 'அல்-குத்ஸ்' பத்திரிகைகளுடன் விநியோகிக்கப்பட்டது. உண்மையான செய்திப்படங்கள் திரையில் வருகின்றன. அவற்றைப் பார்த்தபின் ஆடுபவர் முடிவெடுக்கின்றார். இரு மக்களின் ஆதரவையும் காட்டும் அளவுகள் உள. ஒன்றை மட்டும் உயர்த்தி வெல்ல முடியாது; இரண்டும் சேர்ந்து உயரவேண்டும்.

இவ்விதியின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஒருவரின் தோல்வியே மற்றவரின் வெற்றி என்பது சதுரங்கம் முதலாக ஏறத்தாழ எல்லாப் போர் விளையாட்டுக்களுக்கும் பொதுவான விதி. அதனை மாற்றி, மற்றவரின் தோல்வி என் தோல்வியுமாகும் என ஆக்கியமை வடிவ ரீதியாக ஒரு முன்னேற்றம். 'அமெரிக்காஸ் ஆர்மி' தடுத்த அக்காரியத்தை, அதாவது எதிர்த்தரப்பினரின் இடத்தில் நின்று பார்ப்பதை, இது ஊக்குவிக்கின்றது. இஸ்ரேலிய இளைஞர் ஒருவர் பலஸ்தீனத் தலைவராக ஆடும்பொழுது, தம் கையில் எத்துணைக் குறைந்த வசதிகளே உள்ளன என்பதைக் காண்கிறார். அச்சமமின்மையை ஆக்கியோர் மறைக்கவில்லை.

ஆனால் இங்கு வரலாற்றை நடத்துபவர் யார்? தலைவர். மக்கள் எங்கே இருக்கின்றனர்? அளவுமானியில். அவர்கள் மகிழ்வர், சினப்பர், ஏறுவர், இறங்குவர், எதனையும் தொடங்கமாட்டார்கள். நிலமும் நீரும் குடியேற்றமும் சோதனைச் சாவடியும், ஆதரவைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படும் நடவடிக்கைகளாகப் பட்டியலில் நிரலாக உள்ளன. சிறுசிறு நல்லெண்ணச் செயல்களைப் பொறுமையுடன் அடுக்கிச் செல்பவர் வெல்வார். துணிந்து அடிப்படைப் பிரச்சினையைத் தொடுபவர் தோற்பார். 1993இன் ஒஸ்லோ உடன்படிக்கையின் தருக்கம் இது. முதலில் நம்பிக்கையை வளர்ப்போம், நிலத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்ற அத்தருக்கம் 2000ஆம் ஆண்டின் எழுச்சியோடு தகர்ந்துவிட்டது. தகர்ந்ததை ஏழாண்டுகளின் பின் வெற்றிக்குரிய ஒரே வழியாக விதித்தது இவ்விளையாட்டு. 2023 ஒக்ரோபருக்குப் பின் காஸாவில் நிகழ்ந்த பேரழிவை அறிந்த நாம் இன்று அதனை மீண்டும் நோக்கும்பொழுது, ஆக்கிரமிப்பு என்பதை ஓர் அபிப்பிராய வேறுபாடாகக் கணித்தமையே அதன் தோல்வி எனத் தோன்றுகின்றது. முகாமைத்துவத் திறனாற் சமாதானம் பெறலாம் என்பது தாராண்மைவாதத்தின் பழைய கனவு. அக்கனவு இங்கு மிக நேர்த்தியாக நிரற்படுத்தப்பட்டிருக்கின்றது.

அரச தலைவரை மையமாக்கும் இம்மரபுக்கு முன்னோடி, 1985இல் கிறிஸ் குறோஃபோட் ஆக்கிய 'பலன்ஸ் ஒஃப் பவர்'. பனிப்போர்க் காலத்து இரு வல்லரசுகளின் போட்டியே அதன் பொருள். அணுயுத்தம் மூண்டால் திரை இருண்டுவிடும். தோல்விக்கு வெடிப்புக் காட்சியைப் பரிசாகத் தரமாட்டோம் என்ற கருத்தில் ஓர் அறிவித்தல் மட்டும் தோன்றும். அழிவை வேடிக்கையாக்க மறுத்த அக்கண்டிப்பு அக்காலத்திற் புதியது. ஆயினும் மூன்றாம் உலக நாடுகள் யாவும் அதில் இரு வல்லரசுகள் தள்ளி விளையாடும் காய்களே.

முற்றிலும் வேறான வழியிற் சென்றவர் உருகுவே நாட்டவரான கொன்சலோ ஃபிராஸ்கா. 2003இல் அவரது குழுவினர் வெளியிட்ட 'செப்டெம்பர் 12' மிகச் சிறியது. ஆடி முடிக்க என்று ஒன்றுமில்லை. மத்திய கிழக்குப் பட்டணமொன்றை மேலிருந்து பார்க்கிறோம். சந்தை, பெண்கள், பிள்ளைகள், நாய்கள். இடையிடையே ஆயுதம் தாங்கிய சிலர். நம் கையில் ஏவுகணையின் குறிவட்டம். சுடலாம், சுடாதிருக்கலாம். சுட்டால், ஏவுகணை சற்றுத் தாமதித்தே விழும். அதற்குள் குறிக்கப்பட்டவர் நகர்ந்திருப்பார், வேறு யாரோ அங்கு நிற்பார். இறந்தவரைச் சூழ்ந்து சிலர் அழுவர். அழுதவர் எழும்பொழுது ஆயுதம் தாங்கியவராக எழுவர். மேலும் சுட்டால் மேலும் பெருகுவர். வெற்றியில்லை, தோல்வியில்லை, முடிவில்லை. பயங்கரவாதத்துக்கு எதிரான யுத்தம் எனப்பட்டதன் உள்ளியக்கத்தை, ஒரு சொல்லும் உரைக்காமல், இத்தாமதம் என்ற ஒரே விதி வெளிக்கொணர்ந்துவிடுகின்றது. ஈராக் மீதான படையெடுப்பு நிகழ்ந்த ஆண்டில் இது வந்தது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும்.

ஃபிராஸ்கா தற்செயலாக இவ்விடத்தை அடையவில்லை. 2001இல் அவர் எழுதிய முதுமாணி ஆய்வேடு 'ஒடுக்கப்பட்டோரின் வீடியோ விளையாட்டுக்கள்' என்ற தலைப்புடையது. பிரேசிலிய நாடகாசிரியர் ஒகஸ்ரோ போலின் 'ஒடுக்கப்பட்டோரின் அரங்கு' அதன் மூலம். போலுக்குப் பின்னே பிறெக்ற் நிற்கின்றார். நம் நாடகத்துறை மாணவர்க்கு இப்பெயர்கள் புதியன அல்ல. பார்ப்போர் தம்மை மறந்து கதையில் மூழ்குவதைப் பிறெக்ற் விரும்பவில்லை. விலகி நின்று சிந்திக்க வேண்டும் என்றார். போல் ஒருபடி மேலே சென்று, பார்ப்போரையே மேடைக்கு அழைத்து, ஒடுக்குமுறைக் காட்சியை மாற்றி நடித்துக் காட்டச் செய்தார். மாற்றியதைப் பற்றிச் சபை விவாதிக்கும். வேறொருவர் எழுந்து வேறுவிதமாக மாற்றுவார். கணினி விளையாட்டுத் தொழில் நாள்தோறும் விளம்பரம் செய்யும் மூழ்கடிப்பு இதற்கு நேரெதிரானது. ஃபிராஸ்காவின் முன்மொழிவு யாதெனில், ஆடுவோர் தம் வாழ்வின் பிரச்சினையை ஒரு விளையாட்டாக அமைத்து, ஒருவர் அமைத்ததை மற்றவர் திருத்தி, அத்திருத்தங்களைக் கூடி விவாதிக்கவேண்டும் என்பது. தீர்வைக் கண்டுபிடிப்பது அங்கு இரண்டாம்பட்சம். விதிகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைக் காண்பதே முதன்மையானது.

இவ்வடிப்படையில் 'செப்டெம்பர் 12' தன் ஆசிரியரின் கோட்பாட்டுக்கே முழுமையாக ஈடுகொடுக்கவில்லை எனக் கூறவேண்டியுள்ளது. அதன் விதியை ஆடுபவர் மாற்ற இயலாது. அப்பட்டணத்து மக்களுக்கு இரு நிலைகளே உள, சாதாரணர், ஆயுததாரி. அவர்களுக்குச் சங்கமில்லை, கட்சியில்லை, வாதமில்லை, வேலைநிறுத்தமில்லை. துயரிலிருந்து நேரே துப்பாக்கிக்குச் செல்லும் பாதை மட்டுமே திறந்திருக்கின்றது. வல்லரசின் கண்ணிலிருந்து பார்க்கும் பார்வையை அம்பலப்படுத்த முனைந்த ஆக்கம் அப்பார்வைக்குள்ளேயே நின்றுவிடுகின்றது. இருந்தும் நாம் பேசும் இவ்வகை ஆக்கங்களுள் இதனையே நான் முதலிடத்தில் வைப்பேன். யுத்தத்துக்குக் காரணம் யுத்தம் செய்வோரின் செயலே என்று விதியாக எழுதிய துணிவு ஏனையவற்றில் இல்லை.

இலக்கிய மாணவரை அதிகம் கவரக்கூடியது 2014இல் போலந்தின் 11 பிற் ஸ்ரூடியோஸ் வெளியிட்ட 'திஸ் வார் ஒஃப் மைன்'. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையே அதற்குத் தூண்டுதல். இங்கு நாம் படையினர் அல்லோம். இடிந்த வீடொன்றில் ஒண்டியுள்ள குடிமக்கள். பகலிற் குறிசுடுவோருக்கு அஞ்சி உள்ளே இருந்து, அடுப்பமைத்து, காயத்துக்கு மருந்திட்டு, இரவில் ஒருவரை வெளியே அனுப்பி உணவு தேடுகிறோம். முதிய தம்பதியர் இருவர் வாழும் வீட்டில் அவர்களது உணவைத் திருடலாம், அவர்கள் தடுக்கமாட்டார்கள். திருடி வந்தவர் மறுநாள் மனமுடைந்து கிடப்பார். 2020இல் போலந்து அரசாங்கம் இதனைப் பாடசாலை மாணவரின் விதந்துரைக்கப்பட்ட வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் மீதான படையெடுப்புத் தொடங்கியதும், ஒரு வார விற்பனை வருமானத்தை நிறுவனம் உக்ரேனியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கியது.

இவ்விளையாட்டை ஆடிய அனுபவம் எளிதில் அகல்வதன்று. பதுங்கு குழியில் இருந்த தலைமுறையினர் இதனைக் கண்டால் என்ன சொல்வர் என நினைத்துப் பார்த்ததுண்டு. காட்டுவதற்கு மனம் வரவில்லை. ஆயினும் விமர்சனம் செய்யப்படவேண்டியது செய்யப்படல் வேண்டும். யதார்த்தவாதத்துக்கும் இயற்பண்புவாதத்துக்கும் லூகாச் கண்ட வேறுபாடு இங்கு நன்கு பொருந்துகின்றது. துன்பத்தின் ஒவ்வொரு நுணுக்கமும் இங்கே இருக்கின்றது. துன்பத்தின் காரணம் மட்டும் இல்லை. யுத்தம் ஏன் நடக்கிறது என்பதற்கு விதி இல்லை. குளிர்காலம் வருவதுபோல முற்றுகை இறுகுகின்றது. மழை ஓய்வதுபோல ஒருநாள் யுத்தநிறுத்தம் வருகின்றது. ஆடுபவரின் கடமை அதுவரை உயிரோடிருத்தல். அயலவருக்கு உதவ இடமுண்டு என்பது உண்மை. ஆனால் அயலவரோடு சேர்ந்து முற்றுகையை எதிர்க்கவோ, யுத்தத்தை நிறுத்தக் கோரவோ இடமில்லை. யுத்தத்தை இயற்கை அனர்த்தமாகக் காணும் மனிதாபிமானம் இது. நம் யுத்தகாலச் சிறுகதைகள் பலவற்றுக்கும் இதே மனிதாபிமானத்தை நாம் பாராட்டி எழுதியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கதைசொல்பவர் முற்றுகையின் உள்ளே இருப்பவரானால் என்ன நிகழும்? நப்லஸைச் சேர்ந்த ரஷீத் அபூஈதா 2016இல் வெளியிட்ட 'லைலாவும் யுத்தத்தின் நிழல்களும்' 2014ஆம் ஆண்டுக் காஸா யுத்தத்தைப் பற்றியது. தந்தையொருவர் தம் குடும்பத்துடன் தப்பியோடுகிறார். ஆடுபவர் எதனைத் தெரிந்தாலும் லைலா என்னும் சிறுமியைக் காப்பாற்ற முடிவதில்லை. தெரிவுகள் தரப்படுகின்றன, அவை தெரிவுகள் அல்ல என்பதே அவ்விதி. அப்பிள் நிறுவனம் இதனை விளையாட்டு என்ற பிரிவில் ஏற்க முதலில் மறுத்து, செய்தி அல்லது உசாத்துணைப் பிரிவுக்கு மாற்றுமாறு கேட்டது. கண்டனங்கள் எழுந்த பின்னரே இணங்கியது. படையினராகச் சுடுவது விளையாட்டு என்றும், சுடப்படுவோராக ஓடுவது செய்தி என்றும் சந்தை வகுத்த இலக்கணம் அன்று வெளிப்பட்டது. மேகியின் இரண்டாம் விதித்தொகுதியை நீக்கிய கையும் இக்கையும் வேறல்ல.

பொருளியல் அடித்தளம் பற்றி ஒரு வார்த்தை. சமாதானத்தைப் போதிக்கும் விளையாட்டையும் ஒரு கருவியில்தான் ஆடவேண்டும். அக்கருவியின் மின்கொள்ளளவிகளுக்குரிய தந்தாலம், கொல்ரான் என்னும் தாதிலிருந்து பெறப்படுவது. 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அத்தாதின் விலை சடுதியாக உயர்ந்தபொழுது, கிழக்குக் கொங்கோவில் ஆயுதக் குழுக்கள் சுரங்கங்களுக்காகப் போரிட்டன. 2001இல் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு இக்கொள்ளையைப் பதிவு செய்தது. இதனைக் காட்டி எல்லா முயற்சிகளையும் பாசாங்கு எனத் தள்ளிவிடுவது மலினமான வாதம். நாம் படிக்கும் நூலின் தாளுக்கும் ஒரு காடு உண்டு. ஆனால் சமாதான விளையாட்டொன்றின் விதிகளுக்குள் அதன் சொந்தக் கருவியின் பிறப்பு ஏன் ஒருபோதும் இடம்பெறுவதில்லை என்று கேட்கலாம்.

ஃபிராஸ்காவின் ஆய்வேட்டிற் கண்ட முன்மொழிவை ஒருமுறை சோதித்துப் பார்க்க விரும்பினேன். கருத்தரங்கு வகுப்பொன்றில் மாணவர் பதினான்கு பேர் இருந்தனர். கணினிகள் போதியளவு இல்லாமையால் மேகியின் வழியில் மட்டையும் காய்களும் கொண்டு தொடங்கினோம். தம் வாழ்வில் தெரிந்த முரண்பாடொன்றை விளையாட்டாக அமைக்குமாறு கேட்டதும், மாணவி ஒருவர் தம் அம்மம்மாவின் காணியைத் தெரிந்தெடுத்தார். அது உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. பிரதேச செயலகம், படைமுகாம், நீதிமன்றம், அமைச்சு, தேர்தலில் நிற்பவர், காணிக்காரர் என ஆறு பேர் அமர்ந்தனர். தம் முறை வரும்பொழுது ஒவ்வொருவரும் ஒரு கடிதத்தை அடுத்தவருக்கு அனுப்பலாம் என்பது அவர் வகுத்த விதி. நடந்ததை நடந்தபடியே எழுதினேன், சேர் என்றார்.

மூன்று சுற்றுக்கள் முடிந்தன. கடிதங்கள் ஐவருக்குள் சுழன்றுகொண்டிருந்தன. காணிக்காரருக்கு ஒருமுறையேனும் ஆடும் முறை வரவில்லை. அவராக அமர்ந்திருந்த மாணவர், தாம் எழுந்து நடந்து போய்க் காணிக்குள் குந்தினால் அது விதிமீறலா எனக் கேட்டார். விதியை மாற்றலாம் என்றனர் சிலர். யார் மாற்றுவது, ஆறு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா, முகாமாக அமர்ந்திருப்பவர் ஒத்துக்கொள்ளாவிடின் என்ன செய்வது என்று வாதம் எழுந்தது. முகாமாக அமர்ந்திருந்தவர் தாம் எக்காரணம் கொண்டும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்றும், அப்பாத்திரத்துக்கு அதுவே சரியென்றும் பிடிவாதமாக நின்றார். நான்கு மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வந்த ஊழியர் சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு, திறப்பை மேசையில் வைத்து, கதிரையொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதில் ஏழாவது ஆளாக ஊர்ச்சனத்தைச் சேர்க்காமல் என்ன விளையாட்டு விளையாடுகிறீர்கள் என்று கேட்டார்.